இல்லையென்று சொல்லாத பெட்டி

எந்த நாட்டு பிளக்கைக் கொண்டுபோனாலும் "இது எனக்குச் சேராது" என்று ஒருநாளும் முகம் சுளிக்காதது யுனிவர்சல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். உருண்டை பின், தட்டை பின், சதுர பின், சாய்ந்த பின் என எதுவானாலும் அதனிடம் இடம் உண்டு. துபாயிலிருந்து வந்த இஸ்திரிப் பெட்டி, சிங்கப்பூர் ரைஸ் குக்கர், அமெரிக்காவிலிருந்து தம்பி மகள் கொண்டுவந்த ஹேர் டிரையர் எல்லாவற்றுக்கும் ஒரே வரவேற்பு. இவ்வளவு பெரிய மனம் படைத்த பொருள் நம் வீடுகளில் வேறொன்றும் இல்லை. இதைப் புகழ்வதற்கு மிகைப்படுத்திப் பேச வேண்டிய அவசியமே கிடையாது. உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும்.

முதலில் அதன் ஈகை. கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லாதவன் என்று கர்ணனைச் சொல்வோம். அந்தக் கர்ணன்கூட வந்து நிற்பவன் யார் என்று தெரிந்துகொண்டுதான் கவசத்தை அறுத்துக் கொடுத்தான். இந்தப் பெட்டி அதையும் பார்ப்பதில்லை. 120 வோல்ட்டில் ஓடவேண்டிய அமெரிக்க டிரையர் வந்து நின்றால், நம் சுவரிலிருக்கும் 230 வோல்ட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும். உள்ளேயிருக்கும் சூடேற்றும் கம்பி, அதைச் செய்தவன் நினைத்ததைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் சூட்டை ஒரே நொடியில் பெறுகிறது. அந்தத் தட்டை பின் நம் ஊர்த் துளைக்குள் போகாது. போகாமல் இருந்ததுதான் அந்த டிரையருக்கு இருந்த ஒரே காவல். பெட்டி அந்தக் காவலை அன்போடு விலக்கிவிட்டது.

பிளக்கின் வடிவத்தை வகுத்தவர்கள் இதைப் போலத் தாராளமானவர்கள் அல்ல. நம் வீட்டுச் சுவர்களில் இருக்கும் மூன்று உருண்டைத் துளைகள் பிரிட்டிஷ்காரர்கள் வழியாக வந்தவை. அவர்களுடைய பிஎஸ் 546 என்ற 1934-ஆம் ஆண்டுத் தரக்குறிப்பின் வழியில் வந்ததுதான் நம்முடைய ஐஎஸ் 1293. அங்கே 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்றிருந்தவை இங்கே இப்போது 6, 16. கடையில் நாம் இன்னும் "ஃபைவ் ஆம்ப்ஸ் டாப் ஒண்ணு, ஃபிப்டீன் ஆம்ப்ஸ் டாப் ஒண்ணு" என்றுதான் கேட்கிறோம். சின்ன பிளக்கில் பேஸ், நியூட்ரல் பின்கள் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கனம். பெரியதில் 7 மில்லிமீட்டர். பெரியது சின்னத் துளைக்குள் நுழையவே கூடாது என்பதற்காகத்தான் இந்த வித்தியாசம். வாட்டர் ஹீட்டருக்கும் ஏசிக்கும் தடித்த ஒயரைத் தனியாக இழுத்து, அதன் முனையில் பெரிய துளையை வைத்தார்கள். லைட்டும் ஃபேனும் ஓடும் மெல்லிய ஒயரில் ஹீட்டரை மாட்ட முயன்றால் பின்னே தடுத்துவிடும். மாட்ட முடியாமல் போவதுதான் அந்த வடிவம் செய்யும் வேலை.

அந்தத் தடையை நாலு விரல் அகலத்தில் தாண்டிக் காட்டியது பெட்டியின் தம்பியான கன்வெர்ஷன் பிளக். பின்பக்கம் மெல்லிய 6 ஆம்பியர் பின், முன்பக்கம் 16 ஆம்பியர் துளை. எலெக்ட்ரீஷியன் வந்து சுவரைக் கொத்தி, புது ஒயர் இழுத்து, தனி எம்சிபி சுவிட்ச் வைத்துச் செய்யவேண்டிய வேலையை இது ஒரு கை அழுத்தத்தில் செய்து முடிக்கிறது. செலவே இல்லை, தூசியும் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 வாட்டில் வைத்தால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியருக்கென்று செய்த துளைக்கு இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது இரண்டு மடங்காகிறது. அவ்வளவு சூட்டையும் வாய் திறக்காமல் தாங்கும் பொறுமை கன்வெர்ஷன் பிளக்குக்கு இருக்கிறது. உப்புமா கிளறி முடிக்கும்வரை தாங்கும். சாம்பார் கொதிக்கும்வரை தாங்கும். மாதக்கணக்கில்கூடத் தாங்கும், அதனால்தான் "இவ்வளவு நாளா ஓடுதே, ஒண்ணும் ஆகலையே" என்று நாம் அதற்கு நற்சான்று கொடுக்கிறோம்.

அதே பொறுமை ஒரு பெட்டிக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டில் பார்த்தேன். சமையலறையில் சில நாளாக ஒரு மீன் வாடை. அவர்கள் சைவம். எலி செத்துக் கிடக்கிறதோ என்று ஃப்ரிட்ஜை நகர்த்தினார்கள், பரணில் தேடினார்கள், சிங்க்குக்குக் கீழே பினாயில் ஊற்றினார்கள். கடைசியில் வாடை வந்தது மேடையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து. சில வகை பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் அப்படித்தான் நாறும். வந்த எலெக்ட்ரீஷியன் பின்பக்கத்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினார். வெளியே வெள்ளை, உள்ளே டீக்கறை நிறம். பித்தளைத் தகடுகளில் மூன்று பளபளவென்று இருந்தன. இண்டக்‌ஷன் அடுப்பு மாட்டியிருந்த இடத்துத் தகடு மட்டும் கறுநீலமாகி, பிடிப்பு விட்டு, வாய் பிளந்து நின்றது. துளையின் ஓரம் இளகி மறுபடி இறுகியதில் உதடு போலத் தடித்திருந்தது. பிளக்கின் பின்னில் மோதிரம் போட்டதுபோல ஒரு கரிவளையம்.

"இன்னும் ஒரு வாரம் ஓடியிருக்கும்மா" என்றார் அவர்.

"அப்ப இதையே டைட் பண்ணிக் குடுத்துருங்களேன் தம்பி, ஊருக்குப் போயிட்டு வந்து புதுசு வாங்கிக்கிறோம்" என்றார்கள் அந்த அம்மா. நல்லவேளை, அவர் செய்யவில்லை. பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு தகடு மட்டும் ஏன் கெட்டது என்பதில்தான் பெட்டியின் தாராளத்துக்கு நாம் கொடுக்கும் விலை இருக்கிறது. பல வடிவப் பின்களுக்கும் இடம் கொடுக்கவேண்டுமானால் துளை அகலமாக இருக்கவேண்டும். உள்ளேயிருக்கும் தகடு எதையும் இறுக்கிப் பிடிக்காமல் எல்லாவற்றையும் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். நம் ஊர் டூ பின் 5 மில்லிமீட்டர் கனம். ஐரோப்பியச் சார்ஜரின் பின் 4 மில்லிமீட்டர். துபாய் பிளக்கின் பின் நீள்சதுரம். எல்லோரையும் தொடுவது என்றால் எல்லோரையும் ஒரு ஓரத்தில் தொடுவதுதான். முழுப் பரப்பில் பாயவேண்டிய மின்சாரம் ஊசிமுனை அளவு இடத்தின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அந்த இடம் சுடுகிறது. சுட்டால் பித்தளையின் ஸ்ப்ரிங் தன்மை போய்த் தகடு தளர்கிறது. தளர்ந்தால் பொறி பறக்கிறது. பொறி பறந்தால் கரி படிகிறது. கரி படிந்தால் இன்னும் சூடு. பிளக்கைச் சற்று அசைத்து, ஒரு பக்கம் சாய்த்து, அடியில் மடித்த அட்டையை முட்டுக்கொடுத்து நாம் அதற்கு ஒத்தாசையும் செய்கிறோம்.

பெட்டி இன்னும் பெரிய மனதைக் காட்டுவது எர்த் விஷயத்தில். த்ரீ பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின் மற்ற இரண்டைவிட நீளமானது. மாட்டும்போது அதுதான் முதலில் உள்ளே போகும், கழற்றும்போது கடைசியில் வெளியே வரும். மின்சாரம் வருவதற்கு முன்பே காவல் வந்து நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல சாக்கெட்டில் மற்ற இரண்டு துளைகளை மூடியிருக்கும் ஷட்டரைத் திறப்பதும் அந்தப் பின்தான். தவழும் குழந்தை ஹேர்பின்னைச் செருகினால் உள்ளே போகாததற்கு அந்த ஷட்டர் காரணம். மலிவான யுனிவர்சல் பெட்டிகள் பலவற்றில் ஷட்டரே கிடையாது. ஐரோப்பாவில் ஓடும் தடித்த உருண்டை பிளக்கில் எர்த் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கும்; அந்தப் பட்டை இந்தப் பெட்டியில் எதையும் தொடாது. பிளக் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், விளக்கு எரியும், மோட்டார் சுற்றும், எர்த் மட்டும் இருக்காது. இதைவிட மோசம், பல பெட்டிகளில் மூன்று துளை இருந்தும், சுவருக்குப் போகும் ஒயரில் இரண்டே கம்பி. மூன்றாவது துளை எதனோடும் சேராமல் வெறுமனே திறந்திருக்கிறது. பார்ப்பவருக்கு நம்பிக்கை கொடுக்க ஒரு துளையைச் சும்மாவே வைத்திருக்கிறார்கள்.

இங்கே கோபப்படாமல் எழுத முடியவில்லை. கிரைண்டரை நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூரில் செய்து நாடெங்கும் போகும் அந்த இயந்திரத்தில் தண்ணீர் உண்டு, உலோகம் உண்டு, மோட்டார் உண்டு. அதன் முன்னால் ஈரக்கையும் ஈரத்தரையுமாக ஒரு பெண் நிற்கிறாள். எர்த் பின் யாருக்காவது வேண்டுமென்றால் அவளுக்குத்தான் வேண்டும். அவளுக்கு நாம் என்ன செய்கிறோம்? சாக்கெட்டில் போகவில்லை என்று எர்த் பின்னைக் கழற்றி எறிகிறோம். அல்லது ஒயர் அறுந்தபோது த்ரீ பின்னை வெட்டிவிட்டு டூ பின்னை மாட்டுகிறோம். பச்சை ஒயர் மீந்தால் மடித்து டேப்பைச் சுற்றிவிடுகிறோம். பிறகு அவள் மாவைத் தள்ளிவிடும்போது சுருக்கென்கிறது. "எர்த் அடிக்குதுங்க" என்கிறாள். "ப்ளக்கைத் திருப்பிப் போடு, அடிக்காது" என்கிறோம். அவள் திருப்பிப் போடுகிறாள், உண்மையாகவே அடிப்பதில்லை. "செருப்பு போட்டுக்கிட்டு அரை" என்கிறோம், ஒரு மரப்பலகையும் போட்டுத் தருகிறோம்.

டூ பின்னுக்கு இப்படி எந்தப் பக்கமும் போகும் சுதந்திரம் இருக்கிறது. அதனால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறும், கிரைண்டரின் உலோக உடம்பில் கசிவு ஏறும் அளவு குறைந்ததுபோலத் தெரியும். கசிவு எங்கும் போய்விடவில்லை. இன்னொன்றும் நடக்கிறது: சாதனத்தில் இருக்கும் ஸ்விட்ச் இப்போது நியூட்ரலில் உட்கார்ந்துவிடுகிறது. அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கையை வைக்கும்போதும் உள்ளே பேஸ் நின்றுகொண்டிருக்கும். கைபேசிச் சார்ஜருக்கு இதெல்லாம் கவலையில்லை. அதன் மேல் சதுரத்துக்குள் சதுரம் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை என்று பொருள். டூ பின் அதற்கென்றே பிறந்தது. உலோக உடம்பு கொண்ட கிரைண்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அல்ல. 10 மில்லி ஆம்பியர் அளவில் கை தன் பிடியை விட முடியாமல் போகலாம். அதைப்போல மூன்று மடங்கு நெஞ்சு வழியே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நம் வீடுகளில் வைக்கும் ஆர்சிசிபி என்ற கசிவுக் காவலன் 30 மில்லி ஆம்பியருக்கு வெட்டுவதன் காரணம் அதுதான். கிரைண்டரோ அதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தில் ஓடுவது.

அடுத்து இன்சுலேஷன் டேப். இதன் கருணையைச் சொல்லாமல் விட்டால் பாவம். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் கழுத்தில்தான் முதலில் நையும். ஆயிரம் முறை மடிந்து நிமிரும் இடம் அது. அந்த ஒயரை நூல் பின்னலால் போர்த்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. அடித்தகட்டின் சூடு பட்டாலும் இளகி வழியக் கூடாது. நூல் பிரிந்து உள்ளே செம்பு தெரியும்போது டேப் வருகிறது. நாலு சுற்று, ஒரு அழுத்து, காயம் தெரிவதில்லை. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கின்றன; அறுந்தவை போக மீதியுள்ள இழைகளில் அதே மின்னோட்டம் ஓடுகிறது. டேப்பின் பசை சூட்டில் இளகி, கையில் ஒட்டும் கறுப்புப் பிசுக்காகி, மெல்ல வழுக்கி நகர்கிறது. அப்போதும் அது குறை சொல்வதில்லை. மேலே இன்னொரு சுற்று போட்டால் ஏற்றுக்கொள்ளும். சில வீடுகளில் ஒயரைவிட டேப் கனமாக இருக்கும்.

முறையாக ஒரு டாப், அதாவது பிளக், மாட்ட எவ்வளவு நேரமாகிறது? பத்து நிமிடம் போதும். பழைய வீட்டு ஒயரிங்கில் பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. சாதனத்தோடு வரும் ஒயரில் இப்போது பழுப்பு, இளநீலம், மஞ்சள்கோடு போட்ட பச்சை. எர்த் துளை மேலே இருக்கும்படி சுவரைப் பார்த்து நின்றால் பேஸ் வலது கைப்பக்கம். பிளக்குக்குள் பச்சை ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடவேண்டும். யாராவது ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் பேஸ் முதலில் அறுந்து, எர்த் கடைசிவரை நிற்கும். கழுத்தில் இருக்கும் பட்டை வெளியுறையோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கவேண்டும், உள் ஒயர்களை மட்டும் அல்ல. இவ்வளவுதான். இரண்டு வோல்ட்டேஜிலும் ஓடும் அமெரிக்கச் சாதனத்தின் ஒயரை வெட்டி நம் டாப் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அங்கே கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். நம் பழைய பழக்கத்தில் கறுப்பை நியூட்ரல் என்று முடுக்கினால் எல்லாம் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

டாப் இல்லாமலே வேலை முடிக்கும் வித்தையும் நம்மிடம் உண்டு. இரண்டு ஒயரையும் பல்லால் கடித்து உரித்து, நேராகத் துளைக்குள் விட்டு, தீக்குச்சியால் அடைத்துவிடுவது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் டிரில்லிங் மெஷினுக்கு இதுதான் பிளக்; கோயில் கொடையில் சீரியல் செட்டுக்கும் இதுதான். ஷட்டர் திறக்காவிட்டால் எர்த் துளையில் பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டுத் தள்ளுகிறார்கள். இந்தக் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சுவிட்ச் போட்டிருக்கும்போதே இதைச் செய்து முடித்து, "பார்த்தீங்களா" என்று சிரித்தவர்களை நேரில் கண்டிருக்கிறேன். அந்தத் தைரியத்துக்குக் கூலி கொடுப்பவர் ஒரு டாப் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

"எம்சிபி இருக்கே, ஏதாவது ஆனா ட்ரிப் ஆயிடும்" என்பது நாம் எல்லோரும் சொல்லும் ஆறுதல். எம்சிபி தன் கடமையில் தவறாதது. அது காப்பது சுவருக்குள் இருக்கும் ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியர்வரை தாராளமாக விடும். மேசைவிளக்குக்குப் போகும் நூல்போன்ற ஒயருக்கும், நாலைந்து ஆம்பியரில் வேகத்தொடங்கும் நைந்த மூட்டுக்கும் அது காவலாக நியமிக்கப்படவில்லை. தளர்ந்த துளையில் சூடாகும் மின்சாரம் அளவில் சரியான மின்சாரமே. எம்சிபியின் கண்ணுக்குக் குற்றம் எதுவும் தெரியாது. மெல்லிய ஒயருக்குக் காவல் இல்லாத இடைவெளியை அடைக்கத்தான் பிரிட்டன் 1947-இல் உருண்டை பின்னை விட்டு நீள்சதுர பின்னுக்கு மாறியபோது பிளக்குக்குள்ளேயே ஒரு ஃப்யூஸை வைத்தது. மெல்லிய ஒயருக்கு 3 ஆம்பியர், தடித்ததற்கு 13. நாம் அவர்களுடைய பழைய பின்னோடு நின்றுவிட்டோம். துபாயிலிருந்து வரும் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கில் அந்த ஃப்யூஸ் இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு, "நம்ம ஊர் டாப்" மாட்டிக்கொள்வதில் நமக்கு ஒரு திருப்தி.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். கனமான ஒயர், ஷட்டர், உண்மையான எர்த், ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் கொண்ட பெட்டி ஒரு பக்கம் அலமாரியில் இருக்கும். கடை வாசலில் மாலையாகத் தொங்குவது அதில் கால்வாசி விலை. ஒன்றரை லட்சம் ரூபாய் ஃப்ரிட்ஜுக்கும், ஈஎம்ஐ போட்டு வாங்கிய டிவிக்கும் நாம் வாசலில் தொங்குவதைத்தான் பறிக்கிறோம். கடைக்காரர் "எத்தனை வாட்ஸ் மாட்டப் போறீங்க?" என்று கேட்டால் நமக்குக் கோபம்கூட வருகிறது. கேள்வி கேட்காத பெட்டியைக் கேள்வி கேட்காத கடையில் வாங்கவே விரும்புகிறோம்.

இவ்வளவு சேவை செய்தும் பெட்டிக்குப் புகழாசை துளியும் இல்லை. மின்சாரம் தாக்கி இந்தியாவில் சமீப ஆண்டுகளில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சாவதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அறுந்து விழுந்த கம்பி, வயல் மோட்டார், கட்டட வேலை எல்லாம் அதில் சேர்த்தி; வீட்டுக்குள் ஒரு டூ பின்னாலும் ஒரு டேப் சுற்றாலும் போனவர்கள் எத்தனை பேர் என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. வீடு எரிந்தால் செய்தித்தாளில் "மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது" என்று ஒரு வரி வரும். எந்த அறையில், எந்தத் துளையில், எத்தனை வாட் அடுப்பு, எத்தனை ஆம்பியர் ஒயர், எர்த் இருந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. பிளாஸ்டிக் உருகி ஓடிவிட்டால் எழுத எதுவும் மிஞ்சுவதும் இல்லை. மின்சாரத்தின் மேல் பழி விழுந்து கோப்பு மூடப்படும்போது, கடை வாசலில் அடுத்த மாலையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.